குருசுமலைக் காண்டா

புந்தோங், ஈப்போ
22.4.1979

ராக்காயிக்கு அகதா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று தோட்டத்துப் பள்ளியில் உனக்கும் எனக்கும் ஒரே வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்காக எழுதினேன். உண்மையைச் சொன்னால் ஒரு வாரமாக எனக்கு வயிறு எரிகிறது. மருந்துக்கடையில் வாங்கிக் குடித்துத் தீர்க்கிற எரிச்சல் இல்லை இது.

பாஸ்குத் திருநாளுக்கு என் கொழுந்தன் செபாஸ்டியன் வந்திருந்தான். கோழிக்கறியை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான். "அண்ணி, இந்த வருசம் பெரிய வெள்ளிக்கு ராக்காயி அக்காவும் டோரிசும் கஞ்சி தூக்குனாங்க. ஒரு சொட்டு சிந்தல லா." பெண்டாட்டியைப் பற்றி அவனுக்கு அவ்வளவு பெருமை. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பன்னிரண்டு வருஷம், ராக்காயி. கம்பிப்பாலத் தோட்டத்தில் வேதக்காரர்கள் நாங்கள் ஒருசந்தி நோன்பிருந்து சிலுவைப்பாதை பாடிக்கொண்டு குருசுமலை ஏறுவோம். காளியம்மா கோவில் ஆட்கள் நீங்கள் கஞ்சி காய்ச்சுவீர்கள். கஞ்சி ஊற்றிய தோம்பைக் காண்டாக் கம்பின் நடுவில் மாட்டி, உங்கள் பக்கம் ஒரு தோள், எங்கள் பக்கம் ஒரு தோள் என்று மேலே கொண்டுபோவது முறை. எங்கள் பக்கத்துத் தோள் என்னுடையது. நான் முன்னால், நீ பின்னால். கல்யாணமான அடுத்த வருஷமே தொடங்கி, மூத்தவன் வயிற்றில் இருந்தபோதுகூட நான் விட்டது கிடையாது.

நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு டோரிஸ் என் வீட்டில் இருக்கிறாள். என் அடுப்பில் சமைக்கிறாள். மூனாம் டிவிஷனில் என் நெரை ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறாள். அதெல்லாம் ஆபீஸ் கிராணி எழுதிக்கொடுத்தது, நான் ஒன்றும் சொல்ல முடியாது. உன் தோளை எந்தக் கிராணி எழுதிக்கொடுத்தான்?

சட்டைத் தொழிற்சாலையில் பெரிய வெள்ளிக்கு லீவு கொடுக்கவில்லை. அதனால்தான் வரவில்லை. பக்கத்து மிஷினில் நவமணி என்று ஒருத்தி, எங்கள் தெருதான். நல்ல மனுஷி. நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நவமணிதான் சாயங்காலம் கோவிலுக்குக் கூடவே வந்தாள். நவமணி உங்கள் பக்கத்து ஆள், இருந்தும் முழங்கால் போட்டாள். என் வீட்டுக்காரருக்கு, அதான் நீ அண்ணன் என்று கூப்பிடுகிற சவரிநாதனுக்கு, சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டும் வேலை நிலைத்துவிட்டது. இங்கேயும் மலைகள் இருக்கின்றன, வீட்டுக்குப் பின்னாலேயே வெள்ளையாக நிற்கின்றன. ஒருவரும் ஏறுவதில்லை, உடைக்கத்தான் செய்கிறார்கள்.

ஒன்று மட்டும் சொல். அவள் முன்னால் போனாளா?

அகதா


கம்பிப்பாலத் தோட்டம், பீடோர்
6.5.1979

அகதாவுக்கு.

போனது நான். அவள் பின்னால் வந்தாள். போதுமா?

நீ வரவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்துத் தோள் தயார், உங்கள் பக்கத்தில் ஒரு தோள் வேண்டும். கிழவி குழந்தையம்மாளையா தூக்கச் சொல்ல முடியும்? டோரிஸ் வந்து "அக்கா, நான் வாரேன்" என்றாள். குட்டைப் பெண். கம்பு சாய்ந்து தோம்பு அவள் பக்கம் சரிந்துகொண்டே இருந்தது, ஒரு கையால் அதை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஏறினேன். சிந்தவில்லை என்று உன் கொழுந்தன் சொன்னால் நம்பாதே. என் புடவையைத் துவைத்தவளுக்குத்தான் தெரியும்.

உன் கடிதத்தை என் வீட்டுக்காரர் சீனியிடம் படித்துக் காட்டினேன். "நவமணிங்கிற பேரு எத்தன தடவ வருது, எண்ணிப் பாரு" என்றார். எண்ணினேன். மூன்று. உன் கொழுந்தன் சொன்னதை விட்டால் என் பெயர் இரண்டு. நீ ஈப்போவுக்குப் போய் ஐந்து மாதம் ஆகவில்லை.

இன்னொன்று. உன் அப்பா நிபோங் மரத்தில் செதுக்கிக் கொடுத்தாரே, நம் ஏழடிக் காண்டா, அதைக் காணோம். காளியம்மா கோவில் பின்பக்கம் எப்போதும் சாத்தி வைத்திருப்போம். இந்த வருஷம் மூங்கிலை வெட்டித் தூக்கினோம், கணு தோளை அறுத்துவிட்டது. நீ வீடு காலி செய்யும்போது எங்காவது பார்த்தாயா?

நானும் ஒன்று கேட்கிறேன். அந்த நவமணி என்ன உயரம்?

ராக்காயி


புந்தோங்
24.6.1979

ராக்காயிக்கு.

நவமணி என்ன உயரமாக இருந்தால் உனக்கு என்ன? மிஷின் தைக்க உயரம் வேண்டியதில்லை.

ஒரு கம்புக்கு இத்தனை விசாரணையா? தோட்டத்தில் கம்புக்கா பஞ்சம்? எவனாவது விறகுக்கு எடுத்துப் போயிருப்பான். என்னைக் கேட்காதே.

போன ஞாயிறு டோரிஸ் துணி எடுக்க ஈப்போவுக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். வந்தவளை வாசலில் நிறுத்தவா முடியும், உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தேன். தானாகவே பேசினாள். "அக்கா, மல மேல ஒரு சப்பப் பாறை இருக்குல்ல, அங்க ராக்காயி அக்கா என்னைய உக்கார வச்சாங்க. பீடோர் தகரக் கூரையெல்லாம் தெரிஞ்சிச்சு, ஈயக் குட்டையெல்லாம் கண்ணாடி போட்ட மாதிரி இருந்துச்சு. ரொம்ப சந்தோசமா இருந்துச்சுக்கா." அவள் மேல் குற்றமில்லை. வெள்ளந்தி. அவளுக்கு என்ன தெரியும்?

உனக்குத் தெரியும். என் நடுவுள்ள பிள்ளை, வேலைக்குப் போகையில் விட்டுப்போகும் ஆயக்கொட்டகையில் காய்ச்சல் கண்டு இறந்த வருஷம், எல்லாரும் இறங்கிய பிறகு நீயும் நானும் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுது முடிக்கிறவரை நீ கொய்யாத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்த இடத்தில் அவளை உட்காரவைத்திருக்கிறாய்.

பொறாமை என்று சொல். ஆமாம், பொறாமைதான். புருஷன் இன்னொருத்தியைப் பார்த்தால்கூட இப்படி எரியாது போல. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். உனக்குத்தான் தோளுக்கு ஆள் கிடைத்துவிட்டதே.

அகதா


கம்பிப்பாலத் தோட்டம்
27.2.1980

அகதாவுக்கு.

எழுத வேண்டாம் என்றாய், எட்டு மாதம் எழுதவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. இப்போது எழுதாவிட்டால் பாவம் என்று எழுதுகிறேன்.

மூனாம் டிவிஷனில் மரமெல்லாம் சாய்த்துவிட்டார்கள். செம்பனை போடப் போகிறார்களாம். உன் நெரையும் போய்விட்டது, என் நெரையும் போய்விட்டது. புல்டோசர் வந்த அன்று காலையில் போய் உன் முதல் மரத்தில் பால் பிடிக்கிற மங்கைக் கழற்றி எடுத்து வந்தேன். தான் வெட்டிய மரம்தானே, தனக்குக் கொடு என்று டோரிஸ் கேட்டாள். கொடுக்கவில்லை.

பெரிய வெள்ளிக்குப் புந்தோங்கிலிருந்து பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு நீ குருசுமலைக்கு வருவதாகச் செபாஸ்டியன் சொன்னான். நாற்பது பேராம், சாமியாரும் வருகிறாராம். நன்றாக வாருங்கள். ஆனால் நான் சொல்வதைக் கவனமாகப் படி.

நெரை பார்த்து ஏறாதே. நெரை கிடையாது. பழைய ஏற்றத்தை மண் தள்ளி மூடிவிட்டார்கள். புல்டோசர் மலையைச் சுற்றிச் சுற்றிப் படி வெட்டியிருக்கிறது. பார்த்தால் நல்ல அகலமான பாதை மாதிரி இருக்கும். அதில் நடந்தால் சுற்றிக்கொண்டேதான் இருப்பாய், மேலே போகாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் செங்குத்துச் சேறு, ஏற முடியாது. இப்போது ஒரே வழி சீனர் கொய்யாத் தோட்டத்தின் பின்பக்கம்தான். பஸ்ஸைக் காளியம்மா கோவிலுக்கு விடச் சொல். நான் அங்கே காத்திருந்து கூட்டிப்போகிறேன்.

மேலே போய்ச் சேர்ந்தபின் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

ராக்காயி


புந்தோங்
16.3.1980

ராக்காயிக்கு.

உன் கடிதம் வந்தது. பிரிக்கவில்லை.

கோபத்தில் என்று நினைக்காதே. தபசுகாலம் நடக்கிறது. பிடித்த ஒன்றை விட வேண்டும் என்பது எங்கள் வழக்கம், உனக்குத் தெரியும். ஒருத்தர் மீனை விடுவார், ஒருத்தர் வெற்றிலையை விடுவார், உன் அண்ணன் சுருட்டை விட்டிருக்கிறார், வீட்டில் ஒருவரும் நிம்மதியாக இல்லை. நான் உன் கடிதத்தை விட்டிருக்கிறேன். மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். பாஸ்குத் திருநாள் அன்று பூசை முடிந்து வந்து பிரிப்பேன். நவமணி கேட்டாள், "எட்டு மாசம் கழிச்சி வந்த கடுதாசிய எப்படிக்கா தொடாம இருக்கீங்க?" சிரித்தேன். உள்ளே எவ்வளவு கஷ்டம் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 4 பெரிய வெள்ளி. இந்த முறை லீவு வாங்கிவிட்டேன். நாற்பத்திரண்டு பேர் வருகிறோம். இங்கே எல்லாரும் மலையென்றால் லாரியில் போகிற கல் என்று நினைக்கிறார்கள், உண்மையான மலையைக் காட்டப்போகிறேன். சாமியார் வழிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன். என் நெரையின் முதல் மரத்தில் தொடங்கி, இடி விழுந்த மரத்தில் சோற்றாங்கைப் பக்கம் திரும்பி, முப்பத்தேழாம் மரத்தில் மேலே ஏறினால் சிலுவைப்பாதையின் முதல் ஸ்தலம். எனக்கா வழி சொல்ல வேண்டும்?

எங்கள் கஞ்சியை நாங்களே கொண்டுவருகிறோம். முறை தப்பவில்லை. எங்கள் பக்கம் நான், உங்கள் பக்கம் நவமணி. நீ டோரிசோடு தூக்கு. வழியில் பார்த்தால் பார்ப்போம்.

அகதா


கம்பிப்பாலத் தோட்டம்
8.4.1980

அகதாவுக்கு.

இதையும் படத்துக்குப் பின்னால் வைப்பாயோ என்னவோ, தெரியாது. பிரிக்கவில்லை என்று நீ எழுதியது ஆபீசில் கிடந்து நேற்றுத்தான் என் கைக்கு வந்தது, அன்றைக்குக் காளியம்மா கோவிலில் வெயில் ஏறும்வரை உனக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் நாங்கள் கஞ்சியோடு மேலே போனோம்.

மேலே பாறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உங்கள் பாட்டுச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு குடைகள் தெரிந்தன. மலையை ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். சாய்த்துப் போட்ட மரங்களுக்கு நடுவில் நீ நின்று நின்று பார்த்தாய், முப்பத்தேழாம் மரத்தைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். இன்னொரு சுற்று. செக்குமாடு மாதிரி. குருசு தலைக்கு நேர் மேலே தெரிகிறது, போய்ச் சேர வழியில்லை. நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. ஒருசந்தி வயிறு. உங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா மயங்கி விழுந்ததும் சாமியார் குடையை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். டோரிஸ்தான் "அக்கா, நம்ம கஞ்சிய அவங்களுக்குக் கொண்டு போலாம்" என்றாள். நானும் அவளும் இறங்கி வந்தோம். உங்கள் கஞ்சி எப்போதோ சேற்றில் கொட்டிக் கிடந்தது.

நான் மண்ணும் வியர்வையுமாக உன் எதிரே வந்து நிற்கிறேன். நவமணி கேட்கிறாள், "யாருக்கா இவங்க?" நீ என்ன சொன்னாய்?

"தோட்டத்துல தெரிஞ்ச அம்மா" என்றாய்.

பன்னிரண்டு வருஷம் உன் பிடரியைப் பார்த்துக்கொண்டு மலை ஏறியவள் நான். அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, உன் ரவிக்கைக் கழுத்தில் எத்தனை தையல் என்று தெரியும். தெரிந்த அம்மா.

சரி, வெட்கத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்கிறேன். இதற்கு என்ன சொல்வாய்? நவமணியின் தோளில் இருந்தது நம் காண்டா.

அது உன்னிடம்தான் இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். நீ லாரி ஏறியபோது பாயில் சுற்றி வைத்திருந்தாய். ஏழடிக் கம்பை நாலடிப் பாயில் சுற்றினால் மறையுமா? இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சீனி, "கோயில் சாமான், கேட்டு வாங்கு புள்ள" என்றார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அது உன்னிடம் இருந்தால் வேறு எவளோடும் நான் அதைத் தூக்க வேண்டாம் பார். உனக்கும் என்னைப் போலத்தான் எரிகிறது என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் மூங்கிலால் தோள் அறுந்தும் பேசாமல் இருந்தேன். காணோம் என்று உன்னைக் கேட்டது சும்மா, உன் வாயைப் பார்க்க.

நீ அதைக் கொண்டுபோய் அவள் தோளில் வைத்துவிட்டாய். இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ராக்காயி


புந்தோங்
20.4.1980

ராக்காயிக்கு.

பாஸ்குத் திருநாள் காலையில் உன் பிப்ரவரிக் கடிதத்தைப் பிரித்தேன். வாக்குக் கொடுத்தபடி பூசை முடிந்து வந்துதான் பிரித்தேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். 'கவனமாகப் படி' என்று எழுதியிருக்கிறாய். மாதா படத்தடியில் உட்கார்ந்து இரண்டு மூன்று தரம் படித்தேன். நாற்பத்திரண்டு பேரின் வழி அந்தப் படத்துக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "ஆண்டவருக்காக உட்டன்னு நெனச்சிக்கிட்டு, அவ மேல இருந்த கோவத்துல உட்டுட்டேன் சாமி" என்றேன். மலையில் உட்கார்ந்தவர் அவர்தான்.  "அடுத்த வருசம் மீன உட்டுருங்கம்மா" என்றார்.

நவமணி காண்டாவை முதல் சுற்று முடிகிறவரைகூடத் தூக்கவில்லை. "இது எனக்கு ஒத்து வரலக்கா" என்று கீழே வைத்துவிட்டாள். அப்போதுதான் தோம்பு கவிழ்ந்தது. நீ இறங்கி வந்தபோது அவள் தோளில் பார்த்தது வெறுங்கம்பு. அவள் என்ன உயரம் என்று கேட்டாய் அல்லவா? டோரிஸ் உயரம்தான். நம் காண்டா நம் இரண்டு பேரின் உயரத்துக்கு மட்டும்தான் நேராக நிற்கும்.

'தெரிஞ்ச அம்மா' என்று சொன்னதற்குக் காரணம் எதுவும் எழுதமாட்டேன். என்ன எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும். நீ மேலேயிருந்து இறங்கி வருகிறாய், டோரிசோடு ஒரே நடையில் கால் வைத்து வருகிறாய், இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருகிறீர்கள். என் மலையில் நான் வழி தெரியாமல் நிற்கிறேன். அந்த நேரத்தில் உன்னைக் குத்த வேண்டும் போல இருந்தது. குத்திவிட்டேன்.

காண்டா இங்கே சுவரில் சாய்ந்திருக்கிறது. அதைத் திருடியவள் நான்தான்.

அகதா


புந்தோங்
3.8.1980

ராக்காயிக்கு.

நீ மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. அதனால்தான் அழைப்பு இல்லாமலே காளியம்மா தீமிதிக்கு வந்தேன். பூக்குழிக்குத் தண்ணீர் எடுப்பது எங்கள் பக்கத்துக் கடமை, அதற்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈப்போ பஸ்ஸில் ஏழடிக் கம்போடு ஏறினால் கண்டக்டர் என்ன பேசுவான் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கிணற்றடியில் காண்டாவை வைத்துவிட்டு நின்றேன். டோரிஸ் ஓடி வந்தாள். அவள் கை வைப்பதற்குள் நீ வந்து முன்முனையைத் தூக்கித் தோளில் வைத்தாய். பதினோரு நடை நடந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. பூக்குழி ஆறியதும் உன் பாட்டுக்குப் போய்விட்டாய்.

முதல் தடவையாக நான் பின்னால் வந்தேன். பின்னால் வருகிறவளுக்கு எதுவும் தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கல் எங்கே, குழி எங்கே என்று உன் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. மூங்கில் அறுத்த தழும்பையும் பார்த்தேன். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

காண்டாவைக் கோவில் பின்பக்கம் பழைய இடத்தில் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். இனி யாரோடு வேண்டுமானாலும் தூக்கு. டோரிசோடு தூக்கினாலும் சரி. இப்படி எழுதும்போது எரியத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அகதா


கம்பிப்பாலத் தோட்டம்
25.3.1981

அகதாவுக்கு.

தபசுகாலம் நடப்பது தெரியும். சாமியார் மீனை விடச் சொன்னார் என்றாய், அதனால் இதைப் பிரிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பிரிக்கவில்லையென்றால் உன் மாதாவிடமே நேரில் வந்து கேட்பேன்.

ஏப்ரல் 17 பெரிய வெள்ளி. கொய்யாத் தோட்டத்துச் சீனர் இந்த வருஷம் வேலியைத் திறந்துவிடுகிறேன் என்றிருக்கிறார். சீனியும் செபாஸ்டியனும் மண்வெட்டியால் படி வெட்டியிருக்கிறார்கள். புந்தோங் ஆட்கள் வந்தால் அவர்களையும் கூட்டி வா. சாமியார் வருவாரா என்று தெரியவில்லை, வந்தால் அவருக்கு நாற்காலி எடுத்து வைக்கிறேன்.

நீ முன்னால் போ. பின்னால் வந்தது பதினோரு நடை போதும். உனக்குப் புதுப் பாதை தெரியாது, எனக்குத் தெரியும். பின்னாலிருந்து சொல்கிறேன், இடது என்றால் இடது, வலது என்றால் வலது. பன்னிரண்டு வருஷம் நீ சொன்னாய், நான் நடந்தேன். இனி நான் சொல்கிறேன், நீ நட. உன் பிடரியைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நரைத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். உன் கஞ்சிக்கு உன் முதல் மரத்து மங்கைக் கழுவி வைத்திருக்கிறேன்.

நவமணியைக் கட்டாயம் அழைத்து வா. கூட்டம் பெரிது, இந்த முறை இரண்டு தோம்பு. டோரிசுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு தோள் வேண்டும், இருவரும் ஒரே உயரம் என்று நீயே எழுதியிருக்கிறாய். முறைக்கும் சரி. நமக்குப் பின்னால் மெதுவாக வரட்டும், அவர்களும் சினேகமாகிக்கொள்ளட்டும்.

ஆனால் மூங்கிலைத்தான் கொடுப்பேன். நம் காண்டாவை அவர்களில் எவளாவது தொட்டால், பெரிய வெள்ளி என்றும் பார்க்கமாட்டேன்.

ராக்காயி